டெலிவரி ஆன பிறகு பணம்

என் பெயர் முத்துமாரி. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் நயினார். மும்பை, தாராவி, தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் உள்ள சாலில், அதாவது வரிசை வீடுகள் உள்ள கட்டடத்தில், கீழ்வீட்டில் குடியிருக்கிறேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் குழந்தையையும் குளிப்பாட்டுவதும், பிரசவ மருந்து கிண்டிக் கொடுப்பதும் என் தொழில். ஹிந்தி பேச வரும், மராத்தி கேட்டால் புரியும், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும் என்பதால், இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த காவலர் சுரேந்திரன் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். விசாரணைக்கு அழைத்து வரப்பட்டிருக்கும் நயினார் என் வீட்டுக்காரர் என்பதால் நான் பரிந்து பேசுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் நான் அவரை விசாரிக்கிற விசாரணைக்கு இந்த ஸ்டேஷன் எம்மாத்திரம்.

மனு கொடுத்த அஷ்வத் மாட்டுங்காவில் இருப்பவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி ஸ்மிதாவுக்குக் குழந்தை பிறந்தபோது நான்தான் தினமும் போய்க் குளிப்பாட்டினேன், நான்தான் மருந்தும் கிண்டிக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் ருசி பார்க்கிறேன் என்று எடுத்த அஷ்வத் தம்பி பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டார். பிள்ளை பெற்றது ஸ்மிதாவா நீங்களா என்று நான் கேட்டேன். இதையும் எழுத வேண்டுமா என்று சுரேந்திரன் கேட்கிறார். எழுதத்தான் வேண்டும், கடை பிறந்ததே அந்த டப்பாவில்தான். அதன் பிறகு இதை ஆன்லைனில் விற்கலாம் என்று தம்பி சொல்லி, பிள்ளை பெற்ற முதல் நாற்பது நாளுக்கான மருந்து என்பதால் 'முதல் நாற்பது' என்ற பெயரில் ஒரு கடை போட்டார். மருந்து என் வேலை, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை, கம்ப்யூட்டரும் கணக்கும் தம்பி வேலை, லாபம் வீட்டுக்குப் பாதி என்று பேச்சு. இன்று வரை அந்தப் பேச்சில் யாரும் தவறவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வாங்குகிறவர்கள் எந்த வழியில் பணம் கட்டுகிறார்கள், எந்த வழி ஒழுங்காகப் போகிறது, எது பாதியில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். யூபிஐக்குப் பச்சைக் கோடு, கார்டுக்கு நீலக் கோடு. நான் பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பேன், என் வீட்டுக்காரர் டீ போடுவார். ஒரு தடவை பச்சைக் கோடு மத்தியானத்தில் மட்டும் விழுந்து கிடந்தது. ஆர்டர் போடுவது வீட்டில் இருக்கிற பெண்கள், பணம் கேட்டு மெசேஜ் போவது வேலையில் இருக்கிற புருஷன் போனுக்கு, அவன் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது என்று தம்பியே கண்டுபிடித்து, ராத்திரி வரைக்கும் செல்லுகிற மாதிரி மாற்றிவிட்டார். அதன் பிறகு பச்சைக் கோடு நிமிர்ந்துகொண்டது. நல்ல மூளைக்காரர். தமிழ் பேசவும் செய்வார். படிக்கத்தான் வராது.

என் மனதில் மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மருந்து கிண்டுகிற பெண்கள் யாரும் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்குக் காசு வாங்கியதில்லை. மருந்து முன்னால் போய் அந்த வீட்டில் காத்திருக்கும். தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிந்த பிறகு, சர்க்கரையோடு காசு வரும். ஆன்லைனில் முதலிலேயே வாங்கிப் போடுகிறோமே என்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தம்பியிடம் சொல்லவும் கூச்சம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் தம்பி போன் செய்து, கடையைத் தமிழிலும் போடப் போவதாகச் சொன்னார். "அக்கா, டெலிவரி ஆனப்புறம் பணம் குடுக்கற ஆப்ஷனும் சேர்த்துடறேன். அதைத் தமிழ்ல டைப் பண்ணி அனுப்புங்கோ, அப்படியே போட்டுடறேன்" என்றார். நான் வாய் திறக்காமலே என் மனதைப் படித்துவிட்டாரே என்று நினைத்தேன். டெலிவரி என்றால் எங்களுக்குப் பிரசவம்தான். வீட்டுக்கு வருகிற பெட்டியை நாங்கள் பார்சல் என்போம். ஆகையால் நான் வாட்ஸ்அப்பில், 'டெலிவரி ஆன பிறகு பணம் தந்தால் போதும். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்' என்று எழுதி அனுப்பினேன். தம்பி ஒரு கட்டை விரலைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்படியே கடையில் ஒட்டிவிட்டார். ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு லேப்டாப்பில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு முளைத்தது. தமிழ் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அந்த வழியைத்தான் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பார்சலைக் கொடுத்து, கொடுத்தாயிற்று என்று போனில் பட்டனை அமுக்கிவிட்டு, "நல்லபடியா பெத்துக் கையில வாங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். காசு கேட்க மாட்டார். பிள்ளை பிறந்த வீடுகளிலிருந்து பணம் வரத்தான் செய்தது. ஆனால் நாள் கழித்து, ஆர்டர் நம்பர் இல்லாமல், 'பையன்' என்றும் 'பொண்ணு' என்றும் மட்டும் குறிப்பு எழுதி வந்ததால், எது எந்தப் பார்சலுக்கு உரியது என்று லேப்டாப்புக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் 'ரெண்டு பையன்' என்று எழுதி இரண்டு மடங்கு பணம் போட்டிருந்தார்கள். தம்பியின் கணக்கில் சிவப்புக் கோடு தரையோடு படுத்திருந்தது.

சில ஞாயிறுகளாகத் தம்பி சரியாகப் பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஸ்மிதாவோடு ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் இங்கே வந்து, கையில் வாங்கும் பணம் கடைக்கு வந்து சேரவில்லை, யார் மீதும் சந்தேகம் இல்லை, காரணம் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனுக்குள் போன காகிதத்துக்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா. யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், பெயரைச் சொல்லியிருக்கிறார். அதோடு, சீத்தா கேம்ப்பில் ஒரு பார்சலுக்கு மட்டும் ஆர்டர் நம்பரோடு ஒழுங்காகப் பணம் வந்திருப்பதையும், அது என் வீட்டுக்காரர் போனிலிருந்து வந்திருப்பதையும் காட்டியிருக்கிறார். அங்கே ரொக்கமாக வாங்கித் தன் போனிலிருந்து கட்டினவர், மற்ற இடங்களில் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார் என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இன்று காலையில் என் வீட்டுக்காரரை வரச் சொன்னார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தேன். தம்பி எங்களுக்கு முன்பே உள்ளே இருந்தார். என்னை வெளிப் பெஞ்சில் உட்காரச் சொன்னதால் உள்ளே பேசினதைக் கேட்கத்தான் முடிந்தது. சப் இன்ஸ்பெக்டர் சாகேப் ஒரு விலாசத்தைப் படித்து, இந்த வீட்டில் டெலிவரி ஆயிற்றா என்று ஹிந்தியில் கேட்டார். "நஹி ஹுவா சாப்", ஆகவில்லை என்றார் இவர். போனில் ஆகிவிட்டது என்று காட்டுகிறதே என்று சாகேப் கேட்டார். "அபி நஹி ஹுவா சாப், டைம் ஹை", இன்னும் ஆகவில்லை, நாள் இருக்கிறது என்றார். பணம் எங்கே என்றதற்கு, டெலிவரி ஆனதும் தருவார்கள் என்றார். மேசையில் ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், பொய் சொல்கிறவரை விடக் கேவலமாகத் தெரிந்துகொண்டிருந்தார். வேலை போனால் போகிறது, திருடன் என்று சாலில் பேசிவிட்டால் அதன் பிறகு எந்தப் பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் நாங்கள் போய் நிற்பது.

அந்த நேரத்தில் சாகேப் மேசையில் இருந்த இவருடைய போன் அடித்தது. சாகேபே எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். சுனாபட்டியில் மருந்து வாங்கியிருந்த மகேஷ்குமார் பேசினார். "நயினாரண்ணே, டெலிவரி ஆயிட்டுண்ணே! பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. பணத்த இந்தா இப்ப போட்டு விடுதேன், அக்காட்ட சொல்லிருங்க!" என்று கத்தினது வெளியே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் இருக்கிற இடத்தை மறந்து, "ஏலே, சந்தோசம்லே! யார மாரி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே ஓடினேன். சாகேப் சுரேந்திரனைப் பார்த்தார். சுரேந்திரன் அதை ஹிந்தியில் சொல்லிவிட்டு, தன் போனில் எங்கள் கடையைத் திறந்து, நான் எழுதியதை உரக்கப் படித்தார். சாகேப் முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அஷ்வத் தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, டெலிவரின்னா பார்சல் டெலிவரி!"

"தம்பி, பார்சல்னா பார்சல். டெலிவரின்னா டெலிவரி. ஒங்களுக்கு ஸ்மிதா பெத்ததுகூட மறந்துட்டா?"

அதன் பிறகு தம்பி ஸ்டேஷனிலேயே லேப்டாப்பைத் திறந்தார். என் வீட்டுக்காரர் வீடு வீடாகச் சொன்னார். யார் வீட்டில் பையன், யார் வீட்டில் பெண், யாருக்கு இன்னும் மாசம் இருக்கிறது என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பணத்தை ஒவ்வொன்றாக அதற்கு உரிய பார்சலோடு தம்பி சேர்த்துக்கொண்டே வந்தார். எல்லா வழியிலும் மெதுவாக வருவது சிவப்புக் கோடுதான், ஆனால் பாதியில் நின்றுபோனது அதில் ஒன்றுகூட இல்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னே தெரியலக்கா" என்று அழுதார். எனக்குக் கோபம் இருந்தது. பூண்டு உரித்த கையாலேயே ஒரு அறை வைத்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அதன் பிறகு சாகேப், சீத்தா கேம்ப் பணம் மட்டும் ஏன் உன் போனிலிருந்து வந்தது என்று கேட்டார். "அங்க டெலிவரி ஆயிட்டு சாப்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அவருக்கு எதிரேதான் நின்றேன். என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் எதையோ மறைக்கிறார், மறைத்தால் ஸ்கூட்டரில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே கூட்டிக்கொண்டுபோய் ஸ்கூட்டர் சீட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே, ஒரு துண்டில் சுற்றி, நான் கிண்டிக் கொடுத்த மருந்து டப்பா, ஒட்டின காகிதம் பிரியாமல் இருந்தது. அந்த வீட்டில் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அதன் தகப்பன் இவரைக் கூப்பிட்டு, இனிமேல் இது எதற்கு என்று டப்பாவையும், அதற்குரிய பணத்தையும் நீட்டியிருக்கிறான். இவர் பணத்தை வாங்காமல் டப்பாவை மட்டும் வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் ஏன் என்று கேட்பேன். பணம் வராவிட்டாலும் கேட்பேன். ஆகையால் தன் பணத்தைக் கட்டிவிட்டு, டப்பாவைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார்.

"ஒனக்குத் தெரிய வேண்டாம்னு பாத்தேன். நம்ம மூத்ததுதான் ஞாபகத்துக்கு வரும்" என்றார்.

எங்கள் மூத்த பிள்ளையும் தங்கவில்லை. அதை இவர் இத்தனை வருஷமாக என்னிடம் பேசியதில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அதற்காக மனதுக்குள் அவரை எவ்வளவோ திட்டியும் இருக்கிறேன். இந்த மனிதரைத்தான் திருடன் என்று உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அவர் மேல் அப்போது வந்த பிரியத்தை எப்படி எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. சுரேந்திரன் எழுத வேண்டாம் என்றாலும் நான் சொல்லாமல் விட மாட்டேன்.

ஆனால் ஒன்றில் அவர் செய்தது தப்பு. அதை வாசலில் வைத்தே சொன்னேன். "மருந்து புள்ளைக்கா? பெத்தவளுக்கு. புள்ள தங்கலன்னா அவ பெறாதவளா? அந்த ஒடம்பு என்ன பாடு படும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எனக்கு அன்றைக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் மருந்து எதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார், அந்த வயதில் நானும் நினைத்தேன்.

அஷ்வத் தம்பி மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மனுவை அவரே திரும்ப எடுத்துக்கொள்கிறார். கடையில் எழுதியிருப்பதை மாற்றட்டுமா என்று கேட்டார். பார்சலுக்கு வேறு வார்த்தை தேடிக்கொள்ளுங்கள், டெலிவரி இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சீத்தா கேம்ப் விஷயத்தை எப்படி எழுதி முடிப்பது என்று சுரேந்திரன் கேட்கிறார். இப்படி எழுதிக்கொள்ளவும். டெலிவரி ஆகிவிட்டது. பணம் வந்துவிட்டது. பார்சல் மட்டும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. அதை நானே கொண்டுபோய், அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டி, என் கையால் கொடுத்துவிட்டு வருகிறேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு என் வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார்.

எழுதியதைச் சுரேந்திரன் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(கையொப்பம்)
நயினார் மனைவி முத்துமாரி