மாடி ரூம்ல நடக்குறது யாரு?

கேட்டுச்சா? தொம்... தொம்... தொம்... அதேதாங்க பூசாரிய்யா. பொழுது சாஞ்சா போதும், மாடி ரூம்ல இப்படித்தான். உடுக்கைய எடுக்காதீங்க, இருங்க. எங்க மாமனாரு கருங்கோழி வாங்க ஆண்டிமடம் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். மெதுவா பேசுவோம், புள்ள இப்பதான் தூங்குனான்.

அந்தப் பேயி நான்தாங்க.

அய்யோ, எந்திரிக்காதீங்க! காலு தரையிலதான் இருக்கு, பாத்துக்குங்க.

புள்ள பொறந்தப்ப ஏறுன பிரஷருங்க. நூத்தி அறுபதுக்கு நூறு. அரியலூர் டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. கூடவே, வாரத்துல அஞ்சு நாளு, அரை மணி நேரம் வேகமா நடன்னாங்க. மூச்சு வாங்கணும், ஆனா பேச்சு வரணுமாம், அந்த வேகம். எங்கம்மா இதே பிரஷர்ல நாப்பத்தோரு வயசுல அடுப்படியில விழுந்தவங்க, எந்திரிக்கவே இல்ல. எனக்குப் பயம் இருக்காதா?

ரோட்டுலதான் நடந்தேன். மொத நாளு, புருஷனோட சண்டையான்னு ஏழு பேரு கேட்டாங்க. ரெண்டாம் நாளு எதுத்த வூட்டு ராசாங்கம் அண்ணன், கோச்சுக்கிட்டுப் போறேன்னு நெனச்சு, வண்டியில ஏத்தித் திரும்ப வூட்டுலயே கொண்டாந்து விட்டுட்டாரு. மூணாம் நாளு மாமா, வேல வெட்டி இல்லாதவளாட்டம் சுத்துறியேன்னு கேட்டைப் பூட்டிட்டாரு. அதான் மாடி ரூமு. முந்திரி மூட்டையச் சுத்திச் சுத்தியே மூணு மாசம். மாத்திரையும் நடையும் சேந்து நூத்தி முப்பத்தெட்டுக்கு வந்துடுச்சுங்க. மாமா கீழ படுத்துக்கிட்டு, பேயி நடக்குதுன்னு உங்களுக்கு ஆளனுப்பிட்டாரு.

நீங்க பேய ஓட்டிட்டுப் போயிட்டா நான் எங்கய்யா நடப்பேன்? அதனால சாமி வந்தாப்புல ஆடி, இந்த வூட்டுப் பொம்பளைங்க பிள்ளையார் கோயில வேகமா சுத்தணும்னு கேளுங்க. வேண்டுதல்னா ஒருத்தரும் எங்கடி போறன்னு கேக்க மாட்டாங்க. மாமாவே சொம்புத் தண்ணியோட நிப்பாரு. எவ்வளவு நேரமா? அரை மணி. வாரத்துல ரெண்டு நாளு சாமி லீவு குடுத்துடணும். எத்தன நாளைக்கா? ஒரு மண்டலம்னு முடிச்சுடாதீங்க, நடைய விட்டா திரும்ப ஏறிடுமாம். ஆயுசுக்கும்னு சொல்லுங்க.

என்னங்க? நான் இங்க உக்காந்திருக்கேன், அப்ப மேல நடக்குறது யாருன்னா?

ஆங், அதுவா. உங்களுக்கு ஆளு போன அன்னைக்கே நான் பயந்துபோய் நிறுத்திட்டேங்க. ஆனா சத்தம் நிக்கல. கான்வென்ட்ல படிச்சவளுக்குப் பேயி பயமான்னு சிரிக்காதீங்க, அங்க படிச்ச ஜெபம் பூராத்தையும் அன்னைக்குச் சொன்னேன். மாடி ஏறி எட்டிப் பாத்தா, எங்க அத்தை. சீலையத் தூக்கிச் செருவிக்கிட்டு மூட்டையச் சுத்துறாங்க. அவங்களுக்கும் பிரஷரு நூத்தி எழுவதாம். வூட்டுல மூச்சு விடல. மாத்திரை அட்டை மல்லித்தூள் டப்பாவுல. இப்பக்கூட அவங்க கொல்லையில குளிக்கிறதாத்தான் மாமா நெனச்சுக்கிட்டிருக்காரு.

வண்டி சத்தம்! வந்துட்டாரு. உடுக்கைய எடுங்க, நல்லா சத்தமா அடிங்கய்யா. அத்தைக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கு.

ம்... மாடி ரூமுக்கு உள்ளேருந்து தாழ்ப்பாளும் போட்டுட்டாங்க.