கடல் சாமந்திக்குச் சுண்ணாம்பு

எங்கள் ஊர் வெயிலில் கடல் மீன் வளர்க்க வேண்டுமென்றால் தண்ணீரைக் குளிரவைக்கத் தனியாக ஒரு மெஷின் வேண்டும். நாமக்கல்லில் அப்படியொரு தொட்டி எனக்குத் தெரிந்து என் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. வருகிறவர்கள் வாயைப் பிளந்து நின்றுவிட்டு, "இந்த மீனுக்கு என்னங்க தீனி?" என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பவளத்துக்கும் உயிர் உண்டு என்பது ஒருவருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை.

மகள் யுவஸ்ரீ ஆசைப்பட்டாள் என்றுதான் அதை வைத்தேன். அவள் அம்மா போன பிறகு எதற்குமே ஆசைப்படாமல் இருந்தவள். சேலத்தில் மீன் கடை வைத்திருந்த நிலவன் என்பவன் வந்து தொட்டியை அமைத்துக் கொடுத்தான். அவன் கொண்டுவந்த பாறை ஒன்றில் கடல் சாமந்தி ஒட்டிக்கொண்டு வந்தது. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்றுவிடும். பிய்த்தெறிந்தால் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். சுண்ணாம்பைக் குழைத்து ஊசியில் எடுத்து அதன் வாயிலேயே விட வேண்டும். அதற்காக நிலவன் ஞாயிறுதோறும் வந்தான். அப்படி வந்த இடத்தில் இரண்டு பேரும் பேசிப் பழகி, கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று ஒருநாள் என் முன்னால் வந்து நின்றார்கள்.

நான் ஜாதி பார்க்கிறவன் அல்ல. லாரிக்கு பாடி கட்டும் என் பட்டறையில் எல்லா ஆட்களும் இருக்கிறார்கள். நிலவனுக்கும் எங்கள் வீட்டு டம்ளரில்தான் தண்ணீர் கொடுத்தோம். அந்த டம்ளரைப் பிறகு தனியாக எடுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்தினேன். பங்காளிகள் வந்தார்கள். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் வேறு மாதிரி பேசினார்கள். அவர்களுக்காக இதைச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த ஜனத்துக்காக நான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டேன்.

எனக்குச் சகிக்க முடியாமல் போனது நிலவனின் பணிவு. நான் உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டான். கொஞ்சம் திமிராக நடந்திருந்தால்கூட மதித்திருப்பேனோ என்னவோ. ஒருநாள் தொட்டி முன்னால் நின்றுகொண்டு, "மாமா, இத்தாப் பெரிய ஊட்டுல நீங்க தனியா இருக்க வேண்டாமுங்க. எங்ககூடயே வந்துருங்க. யுவா உங்கள நெனச்சுட்டேதான் இருக்கறா" என்றான்.

அவன் என்மேல் இரக்கப்பட்டான். என்மேல், அவன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் முதலாளியாகப் பிறந்தவன் அல்ல. லாரிக்கு வயரிங் செய்கிறவனாகத்தான் பட்டறைக்குள் நுழைந்தேன். தொட்டிக்குள் அலை உண்டாக்க ஒரு மோட்டார் உண்டு. அதன் வயரில் ஓரிடத்தில் தோலைச் சீவினேன். சுவிட்சை அணைத்தால் மோட்டார் நிற்கும், மின்சாரம் நிற்காது என்கிற மாதிரி தொட்டிக்குப் பின்னால் இணைப்பை மாற்றினேன். ஷாக் அடித்தால் தானாக விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச் விழாமலிருக்கவும் வழி செய்தேன். எப்படி என்று விளக்கினாலும் உங்களுக்குப் புரியாது.

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். யுவஸ்ரீ தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"உன் கையால காப்பி குடிச்சு நாளாச்சு சாமி" என்றேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

நிலவன் ஊசியில் சுண்ணாம்பை ஏற்றினான். அது அலையில் கலைந்துவிடக் கூடாது என்று மோட்டாரை அணைத்தான். நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தான். "மூலைல இருக்கற பெருச இன்னைக்கு முடிச்சறலாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, இரும்பு ஸ்டூலில் ஏறி முழங்கை வரை கையை விட்டான்.

அவன் கத்தவில்லை. ஸ்டூல் சாய்ந்த சத்தம் கேட்டு யுவஸ்ரீ ஓடிவந்தாள். அவனைப் பிடித்து இழுக்கப் போனவளை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள்.

"உடுங்கப்பா, மெயினயாச்சும் ஆஃப் பண்ணுங்கப்பா" என்று கதறினாள்.

மெயின் சுவிட்ச் வாசலை ஒட்டி இருந்தது. என் இரண்டு கைகளும் அவளைப் பிடித்திருந்தன. அவன் உடம்பில் அசைவு நிற்கும்வரை நான் அவளை விடவில்லை. என் மகள் உயிரைக் காப்பாற்றியவன் நான். அதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் விபத்து என்று எழுதிவிட்டு, என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தொட்டிக்குப் பின்னால் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தவள் யுவஸ்ரீ. சின்ன வயதில் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து டேப் வெட்டிக் கொடுத்தவள் அவள். கம்பியை முறுக்கி, டேப்பை மடித்துச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக உங்களிடம் வந்தாள். இந்த ஊரில் கண் இருக்கிறவள் என் மகள் ஒருத்திதான்.

இல்லை என்று சொல்லிவிடலாம் என்கிறார் வக்கீல். சொன்னால் அவளைக் கூண்டில் ஏற்றிக் கண்டவனும் கேள்வி கேட்பான். என் மகளை நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நவநீதகிருஷ்ணன் ஆகிய நான், தெரிந்தே, திட்டமிட்டே நிலவனைக் கொன்றேன்.

யுவஸ்ரீ இப்போது சேலத்தில் அவன் அம்மாவோடு இருக்கிறாளாம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாளாம். சின்னப் பெண், கோபம் தணிந்துவிடும். அவனே இல்லாத வீட்டில் அவளுக்கு இனி என்ன வேலை? நம் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் அறைக்கு வெள்ளையடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.