துரை திருத்திய இங்கிலீஷ்

சுதந்திரம் வந்த புதிது. பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற குமாஸ்தா, மனைவியிடம் சொன்னார்:

"சரியான விடை தெரிஞ்சும் தப்பைத்தான் எழுதிட்டு வந்தேன்."

பிரமோஷனுக்கான இங்கிலீஷ் பரீட்சையாம்.

"ஏன்னா, தலையைச் சுத்தித்தா?"

"இல்லடி. மூணு வாக்கியம் குடுத்து, சரியானதை எடுத்து எழுதச் சொல்லியிருந்தா. நான் சரியா டைப் அடிச்சாலும் எங்க ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை சிவப்பு இங்க்கால தப்பா மாத்துவாரே, எல்லாத்தையும் அதே மாதிரி எழுதிட்டேன்."

"துரைதான் போன வாரமே சீமைக்குக் கப்பலேறிட்டாரே! நீங்கதானே மாலை போட்டேள்?"

குமாஸ்தா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டேன். ஆனா பேனாவைக் கையில எடுத்ததும், அவர் பின்னால வந்து நிக்கற மாதிரியே இருந்ததுடி."