கவுனி அரிசிப் பாயசம்

பாகூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் கூடை வைத்திருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“பிரான்ஸ்லேர்ந்து மவ வந்துருக்காக்கா. நாளைக்கு ராத்திரி நம்ம வூட்ல சாப்பாடு. பாலும் கோதுமையும் அவளுக்கு ஒத்துக்காதாம். இனிப்புக்கு இன்னா செய்றது?”

“கொழுக்கட்டை செய்யேன்.”

“அது சீக்கிரம் வெந்துடும்.”

மற்றவள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அப்போ கவுனி அரிசிப் பாயசம் வெய்யி. வெல்லமும் தேங்காப்பாலும் போதும். காலையிலயே அரிசிய ஊறவெச்சுடு, இல்லன்னா லேசுல வேவாது.”

“ஊறவெக்கப் போறதில்லக்கா.”

“இன்னாடி சொல்ற?”

“மாமியார் வூட்லதான் தங்கியிருக்கா. இங்க சாப்ட்டதும் கெளம்பிடுவாளாம். அவ வந்தப்பறம்தான் அரிசிய அடுப்புல போடுவேன். மெதுவா வேவட்டும்.”