செம்பு மூக்குக் கெண்டி

புருல்: …கால்சட்டையில ஒரு கால் பூட்ஸுக்குள்ள, இன்னொண்ணு வெளியே. கல்யாணத் தரகருக்கு அதுதானே அடையாளம். பெண் கேட்கத்தான் வந்திருக்கீங்க. மேட்டுல வரும்போதே தெரிஞ்சுது.

எசென்: மூச்சு வாங்க விடு, புருல். ரெண்டு மலை ஏறி வந்திருக்கேன். குதிரைதான் ஏறுச்சு, நான் பிடரியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தேன்.

புருல்: உக்காருங்க, தரகரே.

எசென்: என்ன திடீர்னு ‘நீங்க’, ‘தரகரே’? நாம ஒண்ணா ஆட்டுக்குட்டி மேய்ச்சவங்க.

புருல்: தரகு வேலையா வந்தவருக்கு மரியாதை குடுக்க வேண்டாமா… கொஞ்சம் நகருங்க, கெண்டியை எடுக்கணும். டீ ஊத்தறேன்.

எசென்: இரு, இரு… இதுவா அது? செம்பு மூக்குச் சூனியக்காரி மூக்கை உருக்கி அடிச்சதுன்னு சொல்வாங்களே…

புருல்: அதேதான். என் புருஷன் செத்துப்போய் ரெண்டு பனிக்காலம் ஆச்சு. அவர் விட்டுட்டுப் போனது இந்த ஒண்ணுதான். பக்கத்துல யாராவது பொய் சொன்னா ஊதும்.

எசென்: ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. இங்க ஒண்ணுக்கே வழியில்லை. நான் வந்த வழியே திரும்பிடட்டுமா?

புருல்: என்னை யாருக்காகக் கேட்க வந்தீங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க.

எசென்: காரிபெக்குக்கு. என் பெரியப்பா மகன்.

புருல்: ஓ… காரிபெக்குக்கா… சந்தோஷம்.

கெண்டி: உய்ய்ய்ய்…

எசென்: நான் என்ன சொல்லிட்டேன் இப்போ? பெரியப்பா மகன்தானே அவன்… இதுக்குப் போய் செத்த பெரியப்பாவை எழுப்பிக் கேட்க முடியுமா?

புருல்: அது… அதுக்கு வயசாயிடுச்சு. பொய் மூக்குல ஏறவே நேரமாகும். தாமதமாத்தான் ஊதும்.

கெண்டி: உய்ய்ய்ய்ய்…

எசென்: பாரு, முன்னாடி சொன்னதுக்கு இப்போ ஊதுது. ரெண்டு மலைன்னேன் இல்லையா, அதுல ஒண்ணு கொஞ்சம் குட்டை. போதுமா, கெண்டியம்மா?

புருல்: டீயைக் குடிங்க. காரிபெக் எப்படிப்பட்டவர், சொல்லுங்க.

எசென்: மந்தை பெருசு. மனசும் பெருசு. போன வருஷம் ஓநாய் வந்தப்போ தனி ஆளா நின்னு விரட்டினான்.

புருல்: எனக்கு அந்த மாதிரி வீரர்களைத்தான் பிடிக்கும்.

கெண்டி: உய்ய்ய்ய்…

எசென்: சரி, சரி. ஓநாய் கிழடு. மூணு கால்லதான் நடந்துச்சு. ஆனா பல்லு இருந்துச்சு, அது சத்தியம்.

புருல்: அப்போ நீங்க எங்க இருந்தீங்க?

எசென்: குதிரைப்பால் தோல்பைக்குப் பின்னாடி. குனிஞ்சு.

புருல்: ஊதலையே.

எசென்: என்னைப் பத்திக் கேவலமா என்ன சொன்னாலும் ஊதாது. நான் வளர்த்த கழுகே என்னை விட்டுட்டுப் பக்கத்து முகாமுக்குப் போயிடுச்சு. இப்போ அவங்களுக்கு முயல் பிடிச்சுக் குடுக்குது. எனக்குப் பிடிச்சுக் குடுத்தது ஒரே ஒரு எலி.

புருல்: ஐயோ பாவம்… அதைக் கேட்டு நான் சிரிக்கவே இல்லை.

கெண்டி: உய்ய்ய்ய்ய்…

எசென்: சரி, முழுசாச் சொல்லிடறேன். பறந்துகூடப் போகலை. நடந்தே போச்சு. அவ்வளவு அலட்சியம்.

புருல்: ஹ… ஹஹ்ஹா…

எசென்: சிரி, சிரி. ஆனா பதிலை மட்டும் பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடு. காலையில காரிபெக் ஆளுங்க கணவாய் தாண்டி மேய்ச்சலுக்குப் போறாங்க. சரின்னா நீயும் கூடப் போகணும். அந்தப் பக்கம் போனவங்க இந்தப் பக்கம் வர்றதில்லை. அப்புறம் உன்னைப் பார்க்கவே முடியாது… அதாவது, இங்க இருக்கிறவங்க யாரும் பார்க்க முடியாது.

புருல்: பார்க்காட்டி போகட்டும். பிரிஞ்சா வருத்தப்படற மாதிரி எனக்கு இங்க யாரும் இல்லை.

கெண்டி: உய்ய்ய்ய்ய்ய்ய்…

எசென்: இப்போ எதுக்கு? கணவாய் அங்கேதானே இருக்கு… நான் நகர்த்தியா வெச்சேன்?

புருல்: அடுப்புல ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் வேகுது. வாசம் வரலையா?

எசென்: அப்பவே வந்துச்சு. பயந்துபோய்க் கேட்கலை. யாருக்காகன்னு தெரியறதுக்கு முன்னாடியேவா வேக வெச்சே?

புருல்: அதை விடுங்க. அந்த ஈரலைத் தரகர் ஒரு வாய் தின்னுட்டா சம்பந்தம் முடிவானதா நம்ம வழக்கம். நானே நினைச்சாலும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கறேன். நான் காரிபெக்கைக் கட்டிக்கிட்டுக் கணவாய் தாண்டிப் போனா உங்களுக்குச் சந்தோஷமா?

எசென்: அதுல என்ன, ரொம்பச் சந்தோஷம்தா—

கெண்டி: உய்ய்ய்ய்ய்ய்ய்ய்…

எசென்: வாயை மூடக்கூட விடலை…

புருல்: சொல்லுங்க.

எசென்: என்னத்தைச் சொல்ல… சந்தோஷம் இல்லை. வழியெல்லாம் குதிரை நொண்டாதான்னு பார்த்துக்கிட்டே வந்தேன். பாழாப்போனது நல்லாவே நடந்துச்சு. எனக்குன்னு கேட்க வாய் வரலை, புருல். தோல்பைக்குப் பின்னாடி ஒளிஞ்சவனை யாரு கட்டிப்பா? காரிபெக் நல்லவன். நீயாவது நல்லா இருப்பேன்னு நினைச்சேன். அந்தச் சாக்குல உன்னை ஒரு தடவை பார்த்துட்டும் போகலாம்னு… இதுக்கு ஊதலை பாரு. கேவலம்னா ஊதாது, சொன்னேனே… இரு. ஒண்ணு புரியலை. தாமதமாத்தான் ஊதும்னியே, கடைசியா மட்டும் நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எப்படி ஊதுச்சு?

புருல்: நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஈரல் கருகிடும், எசென். அது என்னைக்கும் உடனேதான் ஊதும். உனக்கு ஊதினது அந்த ஒரு தடவைதான், மத்ததெல்லாம் எனக்கு. வாயைத் திற… இது உன் பேர்ல.