ஒற்றை விளக்குக்கான சான்றிதழ்

அன்று காலை அண்ணன் படகிலிருந்து கூப்பிட்டபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். அவருடைய சரக்குப் படகில் புது விளக்குகள் மாட்டி நாலு நாள் ஆகியிருந்தது. கண் கூசுகிறது என்று பக்கத்துப் படகுக்காரர் சண்டைக்கு வந்தாராம். "என் தம்பி பாஸ் போட்ட லைட்டு, வேணும்னா கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கன்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தார். பிறகு சின்னதாக ஒரு சந்தேகம் கேட்டார். நான் பதில் சொன்னேன். சட்டையின் இன்னொரு கையும் முடிவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அவர் கேட்ட சந்தேகத்தை நீங்கள் நடத்திய விசாரணையில் நான் சொல்லவில்லை. உங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவும் வழியில்லை. அதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்கு ஓரளவு தெரியும். மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அலைகளைக் கொஞ்சம் கசியவிடும். அது அளவு மீறினால் பக்கத்தில் இருக்கும் ரேடியோ இரையும். சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில், சுழலும் மேசைமேல் பொருளை வைத்து, கசிவை ஆன்டெனாவால் அளப்பேன். திரையில் சிவப்புக் கோடு எல்லை. பச்சைக் கோடு பொருளுடையது. பச்சை கீழே இருந்தால் கையெழுத்து.

அந்த விளக்கு ஒரு டஜன் கொண்ட பெட்டியாக வந்தது. படகு பாட்டரியிலும் வீட்டு மின்சாரத்திலும் எரியும் வகை. ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லைக்கு ஆறு டெசிபல் கீழே நின்றது. நல்ல தேர்ச்சி. பெட்டியில் மீதி பதினொன்று இருந்தது. யாரும் இவற்றை ஒன்றொன்றாக வாங்கப்போவதில்லை என்று தோன்றியது. ஒரு பலகையில் பன்னிரண்டையும் பொருத்தி ஏற்றினேன். பச்சைக் கோடு சிவப்பைத் தாண்டி ஏறியது. படகு ரேடியோக்கள் பேசும் அலைவரிசையில்தான் மிக உயரம்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "அவங்க கேட்டது ஒண்ணுக்கு. நீ ஒண்ணுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு ஊர் விளக்கையெல்லாம் கொண்டுவந்து ஏத்துவியா?" என்றார். விதியும் அப்படித்தான் இருந்தது. நான் வற்புறுத்தியிருந்தால் அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு எழுத விட்டிருப்பார். வற்புறுத்தவில்லை. விளக்குக் கம்பெனி ஆள் வெளியே காத்திருந்தார், மரியாதையான மனிதர். பலகையைப் பிரித்தேன். அந்தப் படத்தைச் சேமிக்காமல் திரையை அணைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் விளக்குக் கடையிலிருந்தே கூப்பிட்டார். பெட்டியின் மேல் எங்கள் ஆய்வகத்தின் பெயரைப் பார்த்துவிட்டார்.

"ரெண்டு பெட்டி எடுக்குறேன்டா, இருபத்து நாலு. ஒண்ணு பாஸுன்னா எல்லாம் பாஸுதானே?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவரிடம் வேண்டாம் என்று சொன்னால் மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். சாயங்காலம் கம்பெனிக்குத் தெரியும். ஏன் சான்றிதழ் கொடுத்தாய் என்ற கேள்வி என்னிடம் வரும். இவ்வளவையும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் யோசித்தேன். படகில் இருபத்து மூன்றை மாட்டினார். மிஞ்சிய ஒன்றை அண்ணி சமையலறையில் மாட்டிக்கொண்டார்.

மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் இஸ்திரி போட்ட அந்தக் காலை, ஒன்பது மணிக்குக் கடலில் மூடுபனி இறங்கியது. மற்றவர் கண்ணில் படவேண்டும் என்று அண்ணன் விளக்குகளை எல்லாம் போட்டார். எதிரே வந்த கப்பல் ரேடியோவில் ஏழு தடவை கூப்பிட்டது. பதில் இல்லை. கப்பல் மோதியதில் அண்ணனும் எஞ்சின்காரரும் போனார்கள். படகு சிதறியதில் விளக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரேடியோ கிடைத்தது.

அதை ஆராயச் சொல்லி நீங்கள் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பினீர்கள். உறவு என்று தெரிந்ததும் வேறு ஊருக்கு அனுப்பலாமா என்று என்னிடமே கேட்டீர்கள். என் அண்ணன் விஷயம், நானே பார்க்கிறேன் என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள்.

அந்த ரேடியோவில் இரண்டு குமிழ்கள். ஒன்று ஒலியைக் கூட்டக் குறைக்க. மற்றது இரைச்சலை அடக்க. அதைத் திருப்பத் திருப்ப இரைச்சல் மறையும், கூடவே வெளியிலிருந்து வரும் குரல்களும் மறையும். அது கடைசிவரை திருப்பியிருந்தது. படகோட்டி தன் ரேடியோவைத் தானே செவிடாக்கியிருக்கிறார் என்று எழுதினேன். விளக்குகளால் ஏதாவது இருக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். அவை சோதனையில் தேறியவை என்றேன். நான் சொன்னதில் ஒரு வரியும் பொய் இல்லை.

சொந்த அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் உண்மையை எழுதினார் என்று தீர்ப்பில் என்னைப் பாராட்டியிருந்தீர்கள். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். எஞ்சின்காரரின் மனைவி அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் புருஷன் காதைப் பொத்திக்கிட்டான், எம்புருஷன் செத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் உள்ளேதான் இருந்தேன். அண்ணி திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க அண்ணன் அப்படிச் செய்யற ஆளா? ரேடியோவைத் தொட்டா என்னையே திட்டுவாரே."

"அவர்தான் திருப்பியிருக்கார், அண்ணி."

"நீங்க சொன்னா சரி" என்றார்.

அதற்குப் பிறகு கணவரைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார். அது என் வெட்கம். அவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். "புது லைட்டு எல்லாம் போட்டா ரேடியோ ஒரேயடியா இரையுதுடா. ஆளு பேசுறதே கேட்கல. என்னவா இருக்கும்?" என்று கேட்டார். என்ன என்று கேட்ட நொடியிலேயே எனக்குத் தெரியும். பன்னிரண்டு விளக்குப் பலகை கண்முன் வந்தது. பாதி விளக்கை அணைத்துவிடு என்று சொன்னால் போதும்.

"ரெண்டாவது குமிழ் இருக்குல்ல, அதைக் கடைசிவரைக்கும் திருப்பிடுண்ணே. இரைச்சல் நின்னுடும்" என்றேன்.

திருப்பிப் பார்த்தார். போனிலேயே இரைச்சல் நின்றது எனக்கும் கேட்டது. "நின்னுடுச்சுடா, படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

நேற்று அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் அந்த விளக்கு எரிகிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி அலமாரியில் அண்ணியின் சின்ன ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். துளி இரைச்சல் இல்லை. நான் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு விளக்குக்குத்தான்.