மாவு ஓய்வெடுக்கும் நேரம்

முட்டை பாஸ்தாவுக்கு மாவு பிசையும்போது தண்ணீர் சேர்க்கக் கூடாது. முட்டையின் ஈரமே போதும். பொறுமையில்லாதவர்கள்தான் குழாயைத் திறப்பார்கள். என் அக்கா முதல் வகுப்பிலேயே திறந்தாள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். வகுப்பு சனிக்கிழமை மாலைகளில், ஒரு பேக்கரியின் பின்பக்கச் சமையலறையில் நடந்தது. ஒரே மேஜை, அதைச் சுற்றி ஆறு பேர். எனக்கும் சேர்த்து அக்காதான் இடம் பிடித்தாள். "எப்பப் பாரு புக்குக்குள்ளயே குடித்தனம் நடத்துறே. கொஞ்சம் மனுஷங்களையும் பாருடி" என்றாள்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசிப்பவள். இத்தாலிய மதியங்கள் எனக்கு நல்ல பழக்கம்: வெள்ளைச் சுவர், எலுமிச்சை மரம், மாடியில் யாரோ மெல்ல அழுவது. எங்கள் டீச்சர் இத்தாலிக்குப் போனதே இல்லை என்று தெரிந்தபோது வருத்தமாக இருந்தது. நானும் போனதில்லைதான். ஆனால் நான் வாசித்திருக்கிறேன்.

இருந்தாலும் டீச்சர் ஒரு நல்ல விஷயம் சொல்லிக்கொடுத்தார். பிசைந்த மாவை உடனே தேய்த்தால் சுருங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடும். "மாவு கோபமா இருக்கு. குளிர்ல ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் விரலால அமுக்கிப் பாருங்க. குழி அப்படியே நின்னா கோபம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"மாவு என்ன ஆபீஸுக்கா போயிட்டு வந்துச்சு, ரெஸ்ட் எடுக்க?" என்றாள் அக்கா. வகுப்பில் இருந்த பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

மாவை பேக்கரியின் குளிர் அறையில் வைப்போம். ஆள் நுழையும் அளவு பெரியது. பேக்கரிக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சிருக்கு. கதவுக்கு எண்ணெய் டின்னை முட்டுக் கொடுத்துட்டுப் போங்க. வெளையாட்டில்லை."

கடைசி வகுப்பன்று பாத்திரம் கழுவும் முறை எங்களுடையது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா மேஜையைத் துடைத்தபடி சொன்னாள்: "உன் ரூம்ல இருந்த புக்கையெல்லாம் காலைல எடைக்குப் போட்டுட்டேன்டி. பாஸ்தா மெஷின் வைக்க எடம் வேணாமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்குத்தான் என் மேல் ஏதோ கோபம் இருந்திருக்கிறது. கோபமில்லாதவர்கள் புத்தகத்தை எடைக்குப் போடமாட்டார்கள்.

பிறகு தன் போனை என்னிடம் நீட்டினாள். "மிச்ச மாவை எடுத்துட்டு வர்றேன், வீடியோ எடு. மூஞ்சி குண்டாத் தெரியாம எடு."

அவள் உள்ளே போனாள். டின் அவ்வளவு கனமில்லை. காலால் தள்ளினாலே போதும். கதவு தானாக மூடிக்கொண்டது.

உள்ளிருந்து தட்டினாள். கூப்பிட்டாள். பிசைந்த புதிதில் மாவும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். அப்போது போய்த் தொடக் கூடாது. நான் பாத்திரங்களைக் கழுவினேன், மேஜையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினேன், கடையைப் பூட்டி, பேக்கரிக்காரர் சொல்லியிருந்தபடியே சாவியைக் கடையின் தபால் பெட்டிக்குள் போட்டேன்.

மறுநாள் பேக்கரிக்கு விடுமுறை. வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், அவள் போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"அக்கா ரெஸ்ட் எடுக்கிறா மாமா."

"அவளா? ரெஸ்ட்டா? அதிசயமா இருக்கே. எழுப்பிடாதம்மா, நல்லா எடுக்கட்டும்."

ஆக, மாமாவும் சம்மதித்துத்தான் இருந்தார்.

திங்கட்கிழமை காலை பேக்கரிக்காரர் குளிர் அறையைத் திறந்தபோது நானும் பின்னால் நின்றேன். கதவோரம், மாவு உருண்டையை மடியில் வைத்தபடி அக்கா சாய்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் உங்களுக்குப் போன் செய்ய ஓடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அவள் கன்னத்தில் விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தேன்.

குழி அப்படியே நின்றது. அக்காவுக்கு இப்போது என் மேல் கோபம் இல்லை.